வைக்க இடம் எங்கே? யோசித்து வாங்கப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு வருடத்துக்கு முன்பு வாடகை வீடு மாறினோம். மினி லாரியில் ஒரே நடை என்று பேசிவிட்டு வந்த லாரிக்காரர், பரணை எட்டிப் பார்த்ததும் "ரெண்டு நடை ஆகும்மா" என்றார். அந்தப் பரணிலிருந்து என்னென்ன இறங்கின என்று இன்றும் எனக்கு மனப்பாடம். மூடி இல்லாத பிளாஸ்டிக் டப்பா 19. டப்பா இல்லாத மூடி 11. அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காத ஹாட்பாக்ஸ் இரண்டு. கல்யாணத்தில் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் குடம் மூன்று. தள்ளுபடியில் வாங்கி உறையோடு வைத்த பெட்ஷீட் செட் நான்கு. அந்த இரண்டாவது நடைக்கு 3,500 ரூபாய் கொடுத்தோம். அதில் ஏறிய எதையும் அதற்கு முந்தைய ஒரு வருடம் நாங்கள் கையால் தொட்டதே இல்லை.

புது வீட்டில் பரண் சின்னது. அங்கே எதையும் ஏற்றுவதற்கு முன்பு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: வைக்கும் இடத்தைச் சொல்ல முடியாத பொருளை வாங்குவதில்லை. கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த விதியைக் காப்பாற்ற எங்களுக்குக் கைகொடுத்த வழிகள்தான். வரிசையாகச் செய்தால் பலன் தெரியும்.

முதலில் எண்ணுங்கள், எதையும் தூக்கிப் போடாதீர்கள்

வீட்டில் சாமான் அதிகமாகிவிட்டது என்று தோன்றியதும் பலரும் செய்வது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டி வெளியேற்றுவது. நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அலமாரி பழையபடி நிறைந்துவிடும். சாமான் உள்ளே வரும் வழியைப் பார்க்காமல் வெளியே போகும் வழியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

அதனால் முதல் வாரம் எண்ணுவது மட்டும் போதும். முழு வீட்டையும் எடுக்க வேண்டாம், மலைத்துப் போவீர்கள். ஒரே ஒரு வகை. துண்டு, செருப்பு, ஸ்டீல் டப்பா, கைப்பை, சார்ஜர் வயர் என்று ஏதாவது ஒன்று. வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவந்து தரையில் பரப்புங்கள். மொத்தம் எத்தனை, போன மாதம் பயன்படுத்தியது எத்தனை என்று இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள்.

நான் மளிகையில் ஆரம்பித்தேன். பாதி பிரித்த ரவை பாக்கெட் மூன்று, அதில் ஒன்றில் வண்டு. பெருங்காய டப்பா ஐந்து. எனக்குப் பெருங்காயத்தின் மேல் அப்படி என்ன ஆசை என்று யோசித்துப் பார்த்தேன். சின்ன டப்பா, பெரிய டப்பாக்களுக்குப் பின்னால் போய் மறைந்துவிடுகிறது. கண்ணில் படாததால் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த மாதம் இன்னொன்று வாங்குகிறேன். நம் வீடுகளில் நடக்கும் வீண் வாங்கலில் ஒரு பெரிய பங்கு ஆசையால் வருவதில்லை. இருப்பது தெரியாததால் வருகிறது. எல்லாப் பெருங்காயத்தையும் ஒரே கண்ணாடி பாட்டிலில் கொட்டி முன்வரிசையில் வைத்தேன். அடுத்த ஏழு மாதம் பெருங்காயம் வாங்கவில்லை.

மூன்று மாதக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்

வங்கி ஸ்டேட்மென்ட்டும், போனில் யுபிஐ ஆப்பில் இருக்கும் பட்டியலும் போதும். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, கரண்ட் பில் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மீதி இருப்பதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பயன்பட்டது', 'சும்மா இருக்கிறது', 'ஞாபகம் இல்லை' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். 'ஞாபகம் இல்லை' வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொகையை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்கு அடுத்த மாதம் கை தானாகவே கொஞ்சம் நிதானிக்கும்.

அப்படியே நேரத்தையும் கவனியுங்கள். எனக்கு வந்த வீண் பார்சல்களில் பெரும்பாலானவை இரவு பத்து மணிக்கு மேல், படுக்கையில் படுத்துக்கொண்டு ஆர்டர் செய்தவை. என் தங்கைக்குச் சம்பளம் வந்த முதல் மூன்று நாள். உங்களுக்கு எப்போது என்று கண்டுபிடித்தால், காவல் எங்கே போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பட்டியலை அலமாரிக்கு முன்னால் நின்று எழுதுங்கள்

எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது இந்த ஒரு பழக்கம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மாதத்தின் முதல் வாரம் அம்மா அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பாள். அப்பா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். "து.பருப்பு 2 கிலோ, உளுந்து 1, மிளகு 50 கிராம்…" அந்தச் சீட்டை அண்ணாச்சி கடையில் கொடுத்தால், அண்ணாச்சி எடை போட்டுப் பொட்டலம் கட்டி வைப்பார். நமக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு மேஜை இருந்தது. சீட்டில் இல்லாத பொருள் பைக்குள் வர வழியே இல்லை.

அந்த மேஜையை எடுத்ததுதான் சூப்பர் மார்க்கெட். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரையே உள்ளே நடந்து போய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். 1937-இல் ஓக்லஹோமாவில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன், கைக்கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்துச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். நம் கை வலிதான் அதுவரை நமக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தது. இன்று நாம் போகும் ஒவ்வொரு பெரிய கடையும் இந்த இரண்டு யோசனைகளின் மேல்தான் நிற்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை சில. பட்டியலை டப்பாவைத் திறந்து பார்த்து மட்டுமே எழுதுகிறேன், நினைவிலிருந்து எழுதுவதில்லை. பொருளின் பெயரோடு அளவையும் எழுதுகிறேன். 'எண்ணெய்' என்று எழுதினால் கடையில் அது ஐந்து லிட்டர் கேனாகிவிடும், 'நல்லெண்ணெய் 500 மி.லி.' என்று எழுதினால் ஆகாது. பத்துப் பொருளுக்குக் குறைவென்றால் தள்ளுவண்டி எடுப்பதில்லை, கைக்கூடைதான். வீட்டிலிருந்து இரண்டு துணிப்பை எடுத்துப் போகிறேன். அந்த இரண்டும் நிறைந்தால் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் பை கொண்டுபோகும் வழக்கம் ஓரளவு திரும்பியிருக்கிறது. அதையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

'பெரிய பாக்கெட் லாபம்' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இப்போது பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு, கிலோவுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பாக்கெட்டில் கிராமுக்குச் சில பைசா குறைவாக இருந்து, அதில் கால்வாசி வண்டு வைத்துக் குப்பைக்குப் போனால் அது லாபக் கணக்கில் வராது. தினம் சமைக்கும் அரிசி, பருப்புக்குப் பெரிய அளவு சரி. மாதத்துக்கு இரண்டு முறை தொடும் சேமியாவுக்கும் கஸ்தூரி மேத்திக்கும் சின்ன பாக்கெட்டே போதும்.

அப்புறம், பக்கத்தில் அப்படியொரு அண்ணாச்சி கடை இன்னும் இருந்தால் அங்கேயே போங்கள். சில பொருட்கள் இரண்டு ரூபாய் கூட இருக்கலாம். அங்கே நீங்கள் வாங்காமல் வரும் பொருட்களையும் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காத்திருப்பு நோட்டு

மளிகை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். யாருக்கு எது வேண்டுமென்றாலும் அதில் தேதி, பொருள், விலை, வைக்கும் இடம் நான்கையும் எழுத வேண்டும். 500 ரூபாய்க்குள் என்றால் மூன்று நாள் பொறுக்க வேண்டும். 2,000 வரை இரண்டு வாரம். அதற்கு மேல் ஒரு மாதம். நாள் கழிந்த பிறகும் வேண்டுமென்று தோன்றினால் யாரும் தடுக்கக் கூடாது, வாங்கிக்கொள்ளலாம். கெட்டுப்போன மிக்ஸி, கிழிந்த பள்ளிச் செருப்பு இதற்கெல்லாம் காத்திருப்பு கிடையாது.

நோட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி: 'மார்ச் 9, சப்பாத்தி மேக்கர், 1,899, இடம்: மிக்ஸிக்குப் பக்கம்.' எழுதிவிட்டு மிக்ஸிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே அரிசி டின் இருந்தது. டேப் வைத்து அளந்தேன், ஒரு சாண்கூட இல்லை. 'இடம்' என்று எழுதியதை அடித்துவிட்டு 'பரண்' என்று எழுதினேன். வாரம் இரண்டு முறை ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கி, கழுவி, மறுபடி ஏற்றுவேனா? இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது, எனக்கு வேண்டியது மெஷின் அல்ல, இரவு எட்டு மணிக்கு மாவு பிசைய இன்னொரு கை. அதைக் கணவரிடம் சொன்னேன். இப்போது அவர் பிசைகிறார்.

எழுதிய எல்லாம் இப்படி அடிபடுவதில்லை. மகனின் படிப்பு மேஜை ஒரு மாதம் காத்திருந்து வந்தது. காத்திருந்த நாட்களில் நான்கு கடை ஏறி விசாரித்ததில், பழைய தேக்கு மேஜை ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. இன்றும் ஆடாமல் நிற்கிறது.

நோட்டு எழுதும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எங்களுக்கு நான்குதான். இதே வேலையைச் செய்யும் வேறு பொருள் வீட்டில் இருக்கிறதா? இரவல் வாங்கினால் போதுமா? ஒரு முறை பயன்படுத்த எவ்வளவு ஆகிறது? இது வந்தால் பின்னாலேயே வேறு என்னென்ன வரும்?

மூன்றாவதற்கு ஓர் உதாரணம். 6,000 ரூபாய்ப் புடவையை மூன்று கல்யாணத்துக்குக் கட்டினால் ஒரு முறைக்கு 2,000. 900 ரூபாய்ப் பருத்திப் புடவையை அறுபது முறை கட்டினால் ஒரு முறைக்கு 15. பட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்கு அதிகம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

நான்காவதற்கு நம் பாட்டிமார் சொன்ன சாமியார் கதையே போதும். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்தார், பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கினார், பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கடைசியில் குடும்பஸ்தரே ஆகிவிட்டார். ஓவன் வாங்கினால் தட்டு, கையுறை, பேக்கிங் பவுடர். பெரிய டிவி வாங்கினால் ஸ்டாண்டு, ஸ்பீக்கர், அப்புறம் மாதச் சந்தா. நோட்டில் விலை எழுதும்போது பின்னால் வரும் கூட்டத்தின் விலையையும் சேர்த்து எழுதுங்கள்.

இடத்துக்கும் ஒரு விலை உண்டு. 700 சதுர அடி வீட்டுக்கு 14,000 ரூபாய் வாடகை கொடுத்தால் சதுர அடிக்கு 20 ரூபாய். பழைய சாமான் அடைத்த 25 சதுர அடி மூலைக்கு மாதம் 500, வருடத்துக்கு 6,000 ரூபாய் வாடகை போகிறது. அந்த மூலையில் அவ்வளவு மதிப்புள்ள பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்.

போனில் போட வேண்டிய பூட்டுகள்

முதலில் ஷாப்பிங் ஆப்களின் நோட்டிபிகேஷனை நிறுத்துங்கள். சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். எழுந்து போய்ப் பர்ஸை எடுத்துப் பதினாறு இலக்கத்தையும் அடிக்கும் நேரத்தில் பாதி ஆசை தணிந்துவிடும். கார்ட்டில் போட்டதை ஒரு இரவு அப்படியே விடுங்கள்.

'இன்னும் 2 மட்டுமே உள்ளது', ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம், நாம் கேட்காமலே கூடையில் ஏறும் இன்சூரன்ஸ், 'வேண்டாம், எனக்குச் சேமிக்க விருப்பமில்லை' என்று குத்திக்காட்டும் பட்டன் எல்லாம் நம்மை அவசரப்படுத்தவே செய்யப்பட்டவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. பொய்யான அவசரம், கூடையில் நுழைப்பது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் செய்வது எல்லாம் அதில் உண்டு. நீங்கள் சேர்க்காத பொருளுக்குப் பணம் எடுக்கப்பட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

டெலிவரி இலவசம் ஆவதற்காக 150 ரூபாய்க்கு வேண்டாத பொருளைச் சேர்த்து 40 ரூபாயை மிச்சம் பிடிப்பது நாம் எல்லோரும் செய்வது. 40 ரூபாய் கொடுத்துவிடுங்கள், அல்லது அடுத்த தேவை வரும் வரை பொறுங்கள்.

இஎம்ஐ பற்றி ஒரு வார்த்தை. வட்டியில்லாத் தவணை என்றாலும் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, மொத்தப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி கைவிட்டுப் போகிறதா என்று கேளுங்கள். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் மாதம் 3.5 சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கும். வருடத்துக்கு அது 42 சதவீதம். 'மினிமம் டியூ' என்று பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது கடனை வளர்க்கும் வழி. ஏற்கெனவே அந்தச் சுழலில் இருப்பவர்கள், இந்த வழிகாட்டியில் மற்ற எதையும் செய்வதற்கு முன் அந்தக் கார்டுக் கடனை அடைத்துவிடுங்கள்.

ஆடியும் தீபாவளியும்

ஆடியில் கல்யாணம் இல்லை, துணிக்கடையில் கூட்டம் இல்லை, தேங்கிய சரக்கைத் தள்ள விலை குறைத்தார்கள். அப்படி ஆரம்பித்த தள்ளுபடி இன்று ஒரு பண்டிகையாகவே ஆகிவிட்டது. தள்ளுபடிக்கென்றே வரவழைத்த சரக்கும் அந்தக் குவியலில் கலந்திருக்கும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தள்ளுபடி அட்டையை எடுத்துவிட்டால் இதே விலைக்கு இதை வாங்குவேனா?

காத்திருப்பு நோட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கும் பொருள் ஆடியில் விலை குறைந்தால் தாராளமாக வாங்குங்கள். தள்ளுபடி நமக்கு உதவும் ஒரே விதம் அது. கைத்தறிக்கு கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியையொட்டி வழக்கமாக வரும் 30 சதவீதத் தள்ளுபடியை மனதில் வைத்து எங்கள் வீட்டுப் பருத்தித் துணிகளை அப்போது மட்டும் எடுக்கிறோம்.

பண்டிகைச் செலவுக்குப் பணத்தை ரொக்கமாக எடுத்து, ஆளுக்கொரு கவரில் பெயர் எழுதி வையுங்கள். அம்மாக்கள் கடுகு டப்பாவில் சிறுவாட்டுப் பணம் வைத்ததும் இதே மாதிரிதான். தாள் தாளாகக் குறைவதைக் கண் பார்க்கும். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யும்போது எதுவும் குறைவதாகத் தெரியாது.

வாங்காமலே வரும் சாமான்

தாம்பூலப் பையில் வரும் பிளாஸ்டிக் கிண்ணம், கொலுவுக்கு வைத்துக்கொடுக்கும் ரவிக்கைத் துணி, புதுமனைப் புகுவிழா கடிகாரம். ரவிக்கைத் துணி பல வீடுகளில் தைக்கப்படுவதே இல்லை. ஒரு கொலுவிலிருந்து இன்னொரு கொலுவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அன்போடு வருவதை மறுக்க முடியாது. ஆனால் நாம் கொடுப்பதை மாற்றலாம். நான் இப்போது வைத்துக்கொடுப்பது அரைக் கிலோ நாட்டுச் சர்க்கரை, அல்லது நல்ல மஞ்சள் பொடி. ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும், யார் வீட்டுப் பரணிலும் ஏறாது. இரண்டு வருடத்தில் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் அப்படி மாற்றிவிட்டார்கள்.

இப்போது வெளியே அனுப்புங்கள்

உள்ளே வருவது குறைந்த பிறகு வெளியேற்றுவது சுலபம். எவர்சில்வர், பித்தளையைப் பாத்திரக்கடையில் எடைக்குக் கொடுத்துப் பணமாக வாங்குங்கள். பழசுக்குப் புதுசு என்று இன்னொரு பாத்திரத்தோடு திரும்பாதீர்கள். நல்ல துணிகளைத் துவைத்து மடித்து, தேவைப்படுபவரிடம் கேட்டுக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுப்பது மரியாதை இல்லை, அது கரித்துணிக்கு. போகிக்கு பிளாஸ்டிக்கையும் டயரையும் கொளுத்த வேண்டாம், அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள்தான் போகும்.

மற்றவர் பொருளை அவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். என் மாமியாரிடம் காலி ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தது. "இருக்கட்டும்மா, எதுக்காவது ஆகும்" என்பார். அவர் குடும்பம் நடத்தத் தொடங்கிய நாட்களில் ஒரு பாட்டிலுக்கும் மதிப்பு இருந்தது, அந்தச் சிக்கனத்தில்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். "அத்தை, இந்த ஒரு தட்டு முழுக்க உங்களுக்கு. அதுல எவ்வளவு வேணும்னாலும் வைங்க, அதுக்கு மேல வேண்டாம்" என்றேன். அவரே பொறுக்கிப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு மீதியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டார். இடம் எவ்வளவு என்று சொல்லிவிட்டால் எண்ணிக்கையை அவரவரே முடிவு செய்துகொள்வார்கள். பிள்ளைகளின் பொம்மைக்கும் இதே மாதிரி ஒரு கூடை வைத்தோம்.

நடுவில் தவறும். போன தீபாவளியில் நானும் நோட்டில் எழுதாமல் ஒரு விளக்குச் செட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து இடம் தேடினேன், இல்லை. மறுநாளே பில்லோடு திருப்பிக் கொடுத்தேன். அதனால் விலைச் சீட்டைக் கிழிக்காமல், பில்லைப் பையிலேயே ஒரு வாரம் வைத்திருங்கள்.

இந்த மாத மளிகைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அடுக்களை அலமாரி முன் நில்லுங்கள். மேல்தட்டின் பின்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள், பெருங்காயம் அங்கேதான் இருக்கும்.